தொடாமலே விழுந்தவன்

உதைபந்தாட்டக்காரனுக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. முழங்கால் ஓய்வெடுத்துவிடும், வாய் மட்டும் கடைசிவரைக்கும் விளையாடிக்கொண்டே இருக்கும். முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு, "எங்கட காலத்தில..." என்று நீங்கள் தொடங்கினதுமே வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் எழும்பிக் குசினிக்குள் போய்விடுகிறார்களா? அப்படியென்றால் நீங்கள் என் ஆள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்களாவது இருந்து கேளுங்கள்.

என் பெயர் ஜெரோம். பிறந்தது கொட்டாஞ்சேனை, விளையாடியது லெஃப்ட் விங், இப்போது குடியிருப்பது மனைவியின் வீட்டார் இருக்கிற வெள்ளவத்தை. வயது அறுபதைத் தொடப்போகிறது. எத்தனை கோல் போட்டேன் என்று கேட்டால் சத்தியமாக ஞாபகமில்லை. ஒரே ஒரு பெனால்டி மட்டும் முப்பத்தைந்து வருசமாக மறக்க மாட்டேன் என்கிறது.

இடது காலுக்கு ஒரு வேலை

அந்த நாட்களில் கொழும்புக் கம்பனிகளுக்கெல்லாம் சொந்த டீம் இருந்தது. கம்பனிக்குக் கம்பனி மோதுவார்கள். அதனால் எங்கேயாவது ஒருவன் நன்றாகப் பந்து விளையாடுகிறான் என்று கேள்விப்பட்டால் போதும், பிடித்துக் கொண்டுவந்து கிளார்க் ஆக்கிவிடுவார்கள். பள்ளிக்கூடச் சோதனையை இரண்டாம் தரம் எழுதியும் கணக்கில் கோட்டை விட்ட எனக்கு, புறக்கோட்டைப் பக்கம் இருந்த ஒரு கப்பல் கம்பனியிலிருந்து நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது இந்த இடது காலை நம்பித்தான். அம்மா அந்தக் கடிதத்தை மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்து மெழுகுதிரி கொளுத்தினார்.

போனால் அங்கே இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். பியதாச. தெமட்டகொடை ரயில் குவாட்டர்ஸ்காரர், ரயில் யார்ட்டில் நாள் சம்பளத்துக்குப் பெட்டிச் சில்லுகளுக்குக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தவர், அந்தப் பக்கத்து கிளப்பில் சென்டர் பாக். என்னைவிட இரண்டு வயது மூப்பு, அதனால் சிங்கள முறைப்படி எனக்கு அவர் அய்யே, அதாவது அண்ணன், அவருக்கு நான் மல்லி, தம்பி. நகத்துக்குள் கிரீஸ் கறுப்பாக இருந்தது. கையை மடிக்குள் மறைத்து வைத்துக்கொண்டிருந்தார். இடம் ஒன்று, ஆள் இரண்டு. கப் போட்டிகளில் இருவரையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக மனேஜர் சொன்னார். நான் பயந்து பயந்து, "சேர், எனக்கு டைப்பிங் அவ்வளவு ஓடாது" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டது இது:

"தம்பி, டைப் அடிக்கிறதைப் பிறகு பாப்பம். உமக்குக் கோர்னர் அடிக்கத் தெரியுமோ?"

நாலு தேசிக்காய்

எங்கள் கிளப்பில் பந்து, பூட்ஸ், ஜேர்சி எல்லாவற்றுக்கும் பொறுப்பு சவிரி அண்ணன். ஞாயிறு பூசை தவறாத மனிதர். ஆனால் மேட்ச் என்று வந்துவிட்டால் எந்தச் சாமியையும் பகைத்துக்கொள்ள மாட்டார். அரையிறுதி அன்று கோயிலில் பூசைக்கு வைத்து எடுத்த நாலு தேசிக்காயை, அதுதான் எலுமிச்சம்பழத்தை, கொண்டுவந்து, விடியற்காலையிலேயே எங்கள் கோல் கம்பங்களுக்கு அடியில் புதைத்துவிட்டார். மேலே கோயில் தீர்த்தமும் தெளித்தார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று சேர்ச் தண்ணீரும் தெளித்தார்.

அடேயப்பா, வேலை செய்தது! முதல் பாதியில் எதிரி அடித்த மூன்று பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நாங்கள் மூன்று கோல். சவிரி அண்ணனின் நடையே மாறிவிட்டது. இடைவேளை விசில் ஊதினது, பக்கம் மாறினோம். அவ்வளவுதான். அதன் பிறகு நாங்கள் அடித்த பந்தெல்லாம் கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது, அவர்கள் அடித்ததெல்லாம் உள்ளே போகிறது. மூன்றுக்கு இரண்டு என்று மயிரிழையில் தப்பினோம். பக்கம் மாறினால் தேசிக்காயும் எதிரிக்குத்தான் காவல் என்பது அந்த மனிதருக்கு ஓடவேயில்லை. இரண்டு கோலும் வாங்கிய எங்கள் கோல்கீப்பர் நிசார் நானா, கையுறையைக் கழற்றி நிலத்தில் அடித்துவிட்டுச் சொன்னார்:

"சவிரி அண்ணே, ஃபைனலுக்கு ஹாஃப் டைம்ல அந்தத் தேசிக்காயத் தோண்டி எடுத்துக்கிட்டு எங்களோட சேந்து ஓடி வந்துடுங்க, சொல்லிட்டேன்!"

விழுந்தேன்

இறுதிப் போட்டியில் எதிரே பியதாச அய்யேயின் டீம். மனேஜர் முன்வரிசையில் குடை பிடித்துக்கொண்டு இருக்கிறார். இடைவேளையில் நிசார் நானா சொன்னபடியே சவிரி அண்ணன் தேசிக்காயைத் தோண்டி மடியில் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார், கூட்டம் கைதட்டியது. கோல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எனக்கு ஒரு பந்து கிடைத்தது. இருவரை வெட்டிக்கொண்டு உள்ளே போனேன். பெட்டிக்குள் பியதாச அய்யே மட்டும்தான். பந்தைக் கொஞ்சம் கூடத் தட்டிவிட்டேன். இனி எட்டாது என்று எனக்கே தெரிந்தது. அவர் காலை நீட்டினார், பந்து கிடைக்காது என்று கண்டு உடனே மடக்கிக்கொண்டார். அவர் காலுக்கும் என் காலுக்கும் நடுவில் ஒரு தேங்காய் வைக்கலாம்.

நான் விழுந்தேன். சும்மா விழவில்லை, "ஐயோ அம்மா" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டு விழுந்தேன். பெனால்டி. கடைசி ஆள் என்பதால் அவருக்குச் சிவப்பு அட்டை. அந்தப் பெனால்டியை நானே அடித்தேன், நாங்களே வென்றோம், சவிரி அண்ணன் தேசிக்காயை முத்தமிட்டுக்கொண்டு அழுதார். அந்தப் பெனால்டி எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சிவப்பு அட்டை வாங்கி வெளியே போகும்போது பியதாச அய்யே என் பக்கத்தில் நின்றார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை. நான் குனிந்து, அவிழாத பூட்ஸ் நூலை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். என் தலைக்கு மேலே அவர் சிங்களத்தில் மெதுவாகக் கேட்டதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்:

"மல்லி, நான் உன்னைத் தொடல்லத்தானே? தொட்டுட்டனா?"

திரும்பி வந்த வாழைப்பழம்

வேலை எனக்குக் கிடைத்தது. "சிவப்பு அட்டை வாங்குகிற கோபக்காரனை ஒஃபிசுக்குள் வைத்திருக்க முடியாது" என்று மனேஜர் பியதாச அய்யேயை எடுக்காததற்குக் காரணம் சொன்னார். முப்பது வருசம் அந்த ஒஃபிசில் சீல் குத்தினேன், ஒவ்வொரு கப்பும் கையில் வாங்கினேன், கல்யாணம் கட்டினேன். பியதாச அய்யே யார்ட்டிலேயே நின்றுவிட்டார் என்று மட்டும் கேள்வி. வென்றவனுக்கு நன்றாக நித்திரை வரும் என்று சொல்கிறார்களே, அவர்கள் எந்தப் போட்டியை வென்றவர்களோ தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன், வெட்கம்.

கல்யாணமாகி ஆறேழு வருசம் கழித்து ஒரு பெரிய வெள்ளிக்கிழமை மனைவி வசந்தியிடம் சொல்லிவிட்டேன். யாழ்ப்பாணத்துப் பெண், வளைத்துப் பேசத் தெரியாது. "இதை என்னட்டச் சொல்லி என்ன பிரியோசனம்? அந்த மனிசனிட்டப் போய்ச் சொல்லுங்கோ" என்றாள். அடுத்த ஞாயிறே ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு தெமட்டகொடைக்குப் பஸ் ஏறினேன். குவாட்டர்ஸ் வாசலில் அவர் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். முப்பதடி தூரம்தான். கால் போகவில்லை. பெட்டிக்குள் அவ்வளவு வேகமாகப் புகுந்த கால், ஒரு படலையைத் தாண்டமாட்டேன் என்றது. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன். வாசலில் நின்ற வசந்தி பழத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்:

"பழமும் அப்பிடியே வந்திட்டுது, கதையும் அப்பிடியே வந்திட்டுதாக்கும்!"

பட்டுச்சேலை பிடிக்கிற கை

பென்ஷன் எடுத்த பிறகு சும்மா இருக்கவிடுவார்களா? காலி வீதியில் சேலைக்கடை வைத்திருக்கிற மகேந்திரன் முதலாளி வந்து பிடித்துக்கொண்டார். கடைக்காரர் சங்கம் பெண் ஊழியர்களுக்கு ஏழு பேர் உதைபந்தாட்டப் போட்டி வைக்கிறதாம், எதிர்க்கடைக்காரன் டீம் போட்டுவிட்டானாம், மானப் பிரச்சினையாம். நான் போய் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தேன். காலையில் கடை திறந்தது முதல் பூட்டும்வரை நின்றுகொண்டே வேலை. கெண்டைக்கால் எல்லாம் கல்லாக இறுகிப்போயிருந்தது. "முதலாளி, முதலில் இவையளுக்கு இருக்க ஸ்டூல் போடுங்கோ. பிறகுதான் நான் பந்து போடுவன்" என்றேன். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஏழு ஸ்டூல் வாங்கிப் போட்டார். கோச் வேலையில் நான் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான்.

காலை ஆறு மணிக்குத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கடற்கரை மணலில் பயிற்சி. கோலுக்கு யாரை விடுவது என்று யோசித்துக்கொண்டு ஒருநாள் கடையில் நின்றேன். மேல் தட்டிலிருந்து ஒருத்தி சேலைக் கட்டுகளை எறிகிறாள், கீழே நிர்மலா என்ற மலைநாட்டு ஹட்டன் பிள்ளை கஸ்டமருடன் பேசிக்கொண்டே, நிமிர்ந்தும் பார்க்காமல், ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து மேசையில் அடுக்குகிறாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன். கோலுக்கு நிற்கிறாயா பிள்ளை என்று கேட்டதற்கு அவள் சொன்னாள்:

"பட்டுச்சேலை கீழ விழுந்தா மடிப்பு போயிடுங்க சேர். ஒன்னக்கூட நான் இதுவர விட்டதில்ல, பந்தையா விடப்போறேன்?"

கையைத் தூக்கு

என் பயிற்சியில் ரெஃப்ரி கிடையாது. அது என் சட்டம். பந்து கையில் பட்டதா, கோட்டைத் தாண்டியதா, காலைத் தட்டிவிட்டாயா, செய்தவர்தான் கையைத் தூக்கவேண்டும். வேறு யாரும் வாய் திறக்கக்கூடாது. தூக்காமல் விட்டது தெரிந்தால் அன்றைக்கு அவர் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கவேண்டியதுதான். ஏன் இந்தச் சட்டம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். "நல்லதுக்குத்தான்" என்று மழுப்பிவிட்டேன். உங்களுக்குத்தான் காரணம் தெரியுமே.

தொடக்கத்தில் யாரும் தூக்கவில்லை. இரண்டு கிழமையில் எல்லாரும் தூக்கத் தொடங்கினார்கள், பிறகு தேவையில்லாததற்கும் தூக்கினார்கள். "சேர், நான் அவவைத் தள்ளேல்ல, ஆனா தள்ளுவம் எண்டு நினைச்சனான்" என்று ஒருத்தி வந்து நின்றாள். ஒருநாள் காலை நடைக்கு வந்த முதலாளி, இந்தக் கூத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற வேதக்காரன் என்பது அவருக்குத் தெரியும்:

"மாஸ்டர், நீங்கள் இவையளுக்குப் பந்து பழக்கிறீங்களோ, பாவசங்கீர்த்தனம் பழக்கிறீங்களோ?"

இறுதிப் போட்டி, திரும்பவும்

எதிர்க்கடைக்காரனை அரையிறுதியில் வென்றோம். முதலாளியின் மானம் அங்கேயே மீண்டுவிட்டது, ஆனால் ஆசை விடுமா, கோப்பையும் வேண்டுமாம். இறுதிப் போட்டி கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடை டீமுடன். மைதானத்துக்குள் போனேன். நடுவில் கறுப்பு உடுப்போடு, விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, தலை முழுக்க நரைத்த ரெஃப்ரி நிற்கிறார். நகம் மட்டும் இப்போது சுத்தமாக இருந்தது. பியதாச அய்யே! அவர் என்னைப் பார்த்து, "ஆ, ஜெரோம் மல்லி, சுகமா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு நாணயத்தைச் சுண்டப் போய்விட்டார். அந்த மேட்ச் முழுக்க நான் பந்தைப் பார்த்தது குறைவு.

ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடம். மருந்துக்கடைப் பிள்ளை ஒருத்தி இழுத்து அடித்த பந்து நிர்மலாவின் கையைத் தாண்டிப் போனது. அவள் பின்னால் பாய்ந்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். முன்னால் ஆட்கள் கும்பலாக நின்றதால் யாருக்கும் கோடு தெரியவில்லை. பியதாச அய்யே குனிந்து பார்த்தார், கோல் இல்லை என்று தலையை ஆட்டினார், விளையாடச் சொல்லிக் கையைக் காட்டினார். முதலாளி துள்ளினார். அப்போது நிர்மலா பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பினாள். என்னைப் பார்த்தாள். சொல்லாதே பிள்ளை என்று என் மனதுக்குள் ஒரு குரல் கத்தியது. பொய் சொல்லமாட்டேன், கத்தினது. முப்பத்தைந்து வருசத்துக்குப் பிறகும் அந்த லெஃப்ட் விங்காரன் உயிரோடுதான் இருக்கிறான். அவள் கையைத் தூக்கினாள். "உள்ள போயிருச்சுங்க சேர். கோல்தான்" என்றாள்.

தோற்றோம். முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். பியதாச அய்யே விசிலை ஊதி முடித்துவிட்டு நேரே நிர்மலாவிடம் வந்து, இத்தனை வருசம் விசில் ஊதியும் ஒரு கோல்கீப்பர் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை என்றார். மகள், உனக்கு இதைப் பழக்கியது யார் என்று கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினாள். அந்த விரல் போன பக்கம் மெதுவாகத் திரும்பி, என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, ஒரே ஒரு சொல் கேட்டார்:

"இவனா?"

அட்டை

இனியும் பூட்ஸ் நூலைக் கட்டிக்கொண்டு குனிந்து நிற்க முடியாது. அத்தனை பிள்ளைகளும் நிற்கிறார்கள், முதலாளி நிற்கிறார், வசந்தி சாப்பாட்டுப் பையோடு கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். நான் கையைத் தூக்கினேன். "அய்யே, அண்டைக்கு நீங்க என்னைத் தொடல்ல. நானாத்தான் விழுந்தனான். அந்த வேலை உங்கட வேலை" என்று சிங்களத்திலும் தமிழிலும் கலந்து, எந்தச் சொல் எந்தப் பாஷை என்று தெரியாமல் சொல்லி முடித்தேன்.

அவர் விசிலை எடுத்துச் சட்டையில் துடைத்தார். பிறகு சொன்னார்: "வேலை கிடக்கட்டும் மல்லி. யார்ட்டில் என்னை நிரந்தரமாக்கினாங்க, பிள்ளைகளைப் படிப்பிச்சன். ஆனா நான் தொடல்ல எண்டு வீட்டில சொன்னப்ப மனுசி நம்பினா. நான்தான் நம்பல்ல. நீ அப்பிடிக் கத்தினாய். தொட்டிருப்பனோ, தொட்டிருப்பனோ எண்டு யோசிச்சு யோசிச்சுத்தான் விசில் எடுத்தன். கிட்ட நிண்டு பாத்தா விளங்கும் எண்டு." ஒரு மனிதனின் வேலையைத்தான் எடுத்தேன் என்று இத்தனை வருசமும் நினைத்திருந்தேன். அவருடைய கால் மீதே அவருக்கு இருந்த நம்பிக்கையையும் எடுத்திருக்கிறேன்.

அவர் மேல் பொக்கெட்டுக்குள் கையை விட்டார். சிவப்பு அட்டையை எடுத்து, முதுகை நிமிர்த்தி, சட்டப்படி கையை முழுதாக உயர்த்தி என் முகத்துக்கு நேரே காட்டினார். நிர்மலா ஓடிவந்து, "எங்க கோச்சுக்கு எதுக்குங்க ரெட் கார்ட்? அவரு விளையாடவே இல்லியே!" என்று சண்டைக்கு நின்றாள். "இது கொஞ்சம் பிந்தின கார்ட் நங்கி" என்று தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி அவளுக்குச் சொல்லிவிட்டு, கோட்டுக்கு வெளியே விரலை நீட்டி, என்னிடம் அவர் சொன்னது:

"போ மல்லி, வெளிய போ. கேட் கிட்ட நில்லு, இந்த உடுப்ப மாத்திட்டு வாறன், ரெண்டு பேரும் பிளேன்டீ குடிப்பம்."

எத்தனையோ கோப்பைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தை விட்டு வந்திருக்கிறேன், ஆனால் தோற்ற டீமின் கோச்சாக, சிவப்பு அட்டை வாங்கி, மனைவி சிரிக்கச் சிரிக்க வெளியே நடந்த அன்றைக்குத்தான் என் முழங்கால் ஒரு துளியும் வலிக்கவில்லை.